நெருக்கடி பகையைப் பிறப்பிக்கிறதா, பகைக்கு ஆளைக் காட்டுகிறதா?

தென்திசை எழுதியது:

1875 மே 12 அன்று புனே மாவட்டத்தின் சூபா என்னும் சந்தை ஊரில் உழவர்கள் திரண்டு, வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த வணிகர்களின் கடைகளுக்குள் புகுந்து, கடன் பத்திரங்களையும் கணக்கேடுகளையும் வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். கலகம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. மறுக்காமல் பத்திரத்தை எடுத்துக் கொடுத்த வணிகரைப் பெரும்பாலும் அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை, மறுத்தவருக்குத்தான் ஆபத்து. பொருளாதாரக் காரணம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் கலவரங்கள் அரிது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861–65 காலத்தில் எகிறிய தக்காணப் பருத்தியின் விலை, போர் முடிந்தபின் சரிந்தது. விலை ஏறியிருந்தபோது கேட்டவுடன் கிடைத்த கடன் நின்றுபோனது. போதாததற்கு அரசு நிலவரியையும் உயர்த்தியது.

ஆனால் இதை விசாரித்த குழு பதிவு செய்த ஒரு செய்தியைத்தான் நாம் பேசவேண்டும் என்று நினைக்கிறேன். தாக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மார்வாரிகளும் குஜராத்திகளுமே. ஒரே ஊரில் பிராமணரும் மார்வாரியும் கடன் தொழில் செய்துவந்த இடங்களிலும் கூட்டம் மார்வாரியின் வீட்டைத்தான் தேடிப்போனது. கடன் இருவரிடமும் இருந்தது. அயலாராகக் கருதப்பட்டவர் ஒருவர் மட்டுமே.

ஆகவே என் கருத்து இது: எப்போது வெடிக்கும் என்பதைப் பொருளாதாரம் ஓரளவு சொல்லும், யார்மேல் வெடிக்கும் என்பதைச் சொல்லாது. இதையொட்டி எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அடிபடும் இடத்தில் இருக்கும் சிறுபான்மையினர் தங்கள் அரசியல் சார்பை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? கூலியையும் விலைவாசியையும் பார்த்தா, உயிருக்கும் உடைமைக்கும் உள்ள பாதுகாப்பைப் பார்த்தா?

மறுபக்கம் எழுதியது:

தென்திசை அவர்களே, "எப்போது" என்பதையாவது பொருளாதாரம் சொல்லும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே ஐயத்துக்குரியது. பருத்தியிலேயே தொடங்கியிருப்பதால் பருத்தியிலேயே பதில் சொல்கிறேன்.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரைக் கும்பல் கூடிக் கொன்ற நிகழ்வுகளை ஹோவ்லாண்ட், சியர்ஸ் ஆகிய இரு உளவியலாளர்கள் 1940இல் பருத்தி விலையோடு ஒப்பிட்டார்கள். 1882 முதல் 1930 வரையிலான கணக்கில், விலை விழுந்த ஆண்டுகளில் கொலைகள் கூடியதாகத் தெரிந்தது. ஏமாற்றம் வன்முறையாக மாறி, திருப்பி அடிக்க முடியாதவன்மேல் பாய்கிறது என்ற கோட்பாட்டுக்கு இது பெரிய சான்றாகக் கொள்ளப்பட்டுப் பாடநூல்களிலும் ஏறிவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 1930க்குப் பிறகு, உலகப் பொருளாதாரம் சரிந்த பெருமந்தத்தில் பருத்தியின் விலை, 1929இல் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது. கோட்பாடு சரியாக இருந்திருந்தால் கொலைகள் உச்சத்தைத் தொட்டிருக்க வேண்டும். 1892இல் எல்லா இனத்தவரையும் சேர்த்து 230 பேர் இவ்வாறு கொல்லப்பட்டதாக டஸ்கிகி கல்வி நிறுவனத்தின் பதிவு சொல்கிறது. 1930களில் எந்த ஆண்டும் அந்த எண்ணிக்கை முப்பதை எட்டவில்லை. டொனால்ட் கிரீனும் அவருடைய சகாக்களும் 1998இல் இந்த ஆண்டுகளையும் சேர்த்து மீண்டும் ஆராய்ந்தபோது, பழைய உறவு கரைந்துபோனது.

இன்னொன்றும் உண்டு. கொள்ளைநோய் பரவிய 1348–50 காலத்தில் யூதர்களைக் கொன்ற ஜெர்மானிய நகரங்களையும் கொல்லாத நகரங்களையும் ஃபோய்க்லேண்டர், ஃபோத் என்ற பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். கொன்ற நகரங்களில்தான் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் யூத எதிர்ப்பு வன்முறை அதிகம். 1928 தேர்தலில் நாஜிகளுக்கு விழுந்த வாக்கும் அங்கே அதிகம். 1928 பெருமந்தத்துக்கு முந்தைய ஆண்டு என்பதைக் கவனியுங்கள். பகை தன் போக்கில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. சந்தை நிலவரத்தை நாம் பின்னால் வந்து ஒட்டவைக்கிறோம்.

ஏடு எழுதியது:

மறுபக்கம் சொன்ன ஆய்வின் பிற்பகுதியையும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஹான்சா கூட்டமைப்பைச் சேர்ந்த வணிக நகரங்களிலும் வேகமாக வளர்ந்த நகரங்களிலும் அந்தப் பழைய பகை அவ்வாறு நீடிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். அப்படியானால் பகை தானாகக் கைமாறுவதில்லை; ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதும் அதில் கணக்காகிறது.

பெருமந்தக் கால ஜெர்மனியைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் கதை, அறுபது லட்சம் பேர் வேலையிழந்தார்கள், ஆகவே ஹிட்லர் வந்தார் என்பது. நாஜிக் கட்சியின் வாக்கு 1928இல் 2.6 விழுக்காடு, 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. எண்கள் கதைக்கு அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் தொகுதிவாரியாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள், வேலையிழந்த தொழிலாளர்கள் பெரும்பாலும் பொதுவுடைமைக் கட்சியின் பக்கம் போனார்கள் என்று காட்டியிருக்கிறார்கள், அக்கட்சி 10.6இலிருந்து 1932 நவம்பரில் 16.9 விழுக்காட்டுக்கு ஏறியது. நாஜிகளின் பக்கம் நகர்ந்தவர்கள் சிறுகடைக்காரர்கள், சிறு நிலவுடைமையாளர்கள், கைவினைஞர்கள் போன்றோர். இவர்கள் வேலையிலிருந்து நீக்கப்படக்கூடியவர்கள் அல்லர். நெருக்கடியால் வருமானம் சுருங்கியவர்கள். வேலையில்லாதோர் உதவித்தொகை இவர்களுக்குப் பயன்படவில்லை, தொழிற்சங்கம் இவர்களுடையதன்று. போதாக்குறைக்கு, பிரதமர் புரூனிங் 1930 முதல் 1932 வரை அவசரச் சட்டங்களின் வழியே வரியை ஏற்றி, சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டிக்கொண்டே இருந்தார். ஆகவே "வறுமை" என்ற ஒற்றைச் சொல் இங்கே உதவாது. யார் சரிந்தார்கள், சரிந்தவரைத் தாங்க எந்த அமைப்பு இருந்தது என்று பிரித்துக் கேட்டால்தான் எண்கள் பேசும்.

தென்திசையின் இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பாதி விடை கிடைக்கிறது. கத்தோலிக்கர்கள் அன்றைய ஜெர்மனியில் மூன்றில் ஒரு பங்கினர். நெருக்கடி அவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஆயினும் அவர்களுடைய மையக் கட்சியின் வாக்கு 1928இல் 12.1, 1932 ஜூலையில் 12.4. சுற்றிலும் கட்சிகள் கரைந்துகொண்டிருந்த நான்கு ஆண்டுகளில் இது அசையவே இல்லை. 1870களில் பிஸ்மார்க் தேவாலயத்தின்மேல் தொடுத்த ஒடுக்குமுறையின்போது உருவான கட்டுக்கோப்பு அது. பங்குத்தந்தை, பத்திரிகை, தொழிலாளர் சங்கம், வாலிபர் மன்றம் என ஒரு முழு வாழ்வே அக்கட்சியைச் சுற்றி இருந்தது. நாஜிக் கட்சியில் சேர்வதை ஆயர்கள் தடுத்தும் வந்தார்கள். இறைநம்பிக்கை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லவும் முடியாது. பங்குத்தந்தையே நாஜி ஆதரவாளராக இருந்த ஊர்களில் கத்தோலிக்க வாக்கும் அந்தப் பக்கம் சாய்ந்தது என்று பின்னாளைய ஆய்வொன்று காட்டுகிறது.

சிறுபான்மையின் இந்தக் கட்டுக்கோப்பை நான் போற்றவும் இல்லை. 1933 மார்ச் 23 அன்று ஹிட்லருக்கு முழு அதிகாரம் கொடுத்த சட்டத்துக்கு மையக் கட்சியும் வாக்களித்தது. தேவாலயத்துக்கும் பள்ளிகளுக்கும் கிடைத்த வாக்குறுதிகளே அதற்கு விலை. ஜூலைத் தொடக்கத்தில் கட்சி தானே தன்னைக் கலைத்துக்கொண்டது.

வாகை எழுதியது:

சுருக்கமாக இரண்டு செய்திகள்.

முதலாவது, சரிவு மட்டும் அல்ல, ஏற்றமும் பகையைக் கிளப்பும். இந்தியாவில் நடந்த இந்து–முஸ்லிம் கலவரங்களின் பட்டியலைக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளோடு இணைத்து அனிர்பன் மித்ராவும் தேப்ராஜ் ராயும் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முஸ்லிம்களின் செலவழிக்கும் திறன் உயர்ந்த பகுதிகளில் அதற்குப் பின்னர் கலவரம் கூடியது. இந்துக்களுடையது உயர்ந்தபோது அப்படி எதுவும் நிகழவில்லை. தாழ்ந்து கிடக்கவேண்டியவன் என்று கருதப்பட்டவன் கடை வைத்து, வீடு கட்டி எழும்போதுதான் அவன் கண்ணை உறுத்துகிறான் போலும்.

இரண்டாவது, தீவிரவாதத்தையும் வறுமையையும் ஒரே மூச்சில் சொல்வதை நிறுத்தவேண்டும். 1980களிலும் 90களிலும் சண்டையில் இறந்த, லெபனானின் ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவின் உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைக் க்ரூகர், மாலெச்கோவா இருவரும் ஆராய்ந்தார்கள். அதே வயதுடைய பிற லெபனானியரைவிட அவர்கள் கூடுதலாகப் படித்தவர்கள், வறுமை குறைந்தவர்கள். ஓர் இயக்கம் பின்தங்கிய மக்களின் பெயரால் பேசலாம். ஆள் எடுக்கும்போது படித்தவனையே தேர்ந்தெடுக்கும்.

மறுபக்கம் எழுதியது:

ஏடு அவர்களின் "யார் சரிந்தார்கள்" என்ற விளக்கம் நன்று. ஆனால் அது எந்த நாட்டுக்கும் பின்னால் பொருத்திக்கொள்ளக்கூடிய சட்டையாகிவிடக் கூடாது.

2013இல் கிரேக்கத்தில் வேலையின்மை 27 விழுக்காடு, ஸ்பெயினில் 26. கிரேக்கத்தில் 2009இல் அரை விழுக்காடும் பெறாத தீவிர வலதுசாரிக் கோல்டன் டான் கட்சி, 2012இல் ஏறத்தாழ 7 விழுக்காடு பெற்று நாடாளுமன்றத்தில் நுழைந்தது. அதன் ஆட்கள் வந்தேறிகளைத் தெருவில் தாக்கினார்கள். ஸ்பெயினில் அதே ஆண்டுகளில் அப்படி ஒரு கட்சி தலையெடுக்கவே இல்லை. வாக்ஸ் கட்சி 10 விழுக்காட்டைத் தாண்டியது 2019இல். அப்போது வேலையின்மை பாதியளவுக்குக் குறைந்திருந்தது. அந்தக் கட்சியைத் தூக்கிவிட்டது 2017இல் கத்தலோனியா பிரிய முயன்றதால் எழுந்த கொதிப்பே ஒழிய, வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வரிசை அல்ல.

தென்திசை எழுதியது:

ஸ்பெயினைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 2011இல் மாட்ரிட் நகரின் சதுக்கத்தில் உட்கார்ந்த இளைஞர்களையும் கணக்கில் சேருங்கள். அந்தக் கோபம் வங்கிகளையும் பெருங்கட்சிகளையும் நோக்கித் திரும்பியது. 2014இல் பொதெமோஸ் என்ற கட்சியாகவும் உருவெடுத்தது. வேலையின்மை கோபத்தைக் கொடுத்தது, கோபம் வேறு வாசல் வழியே போனது. நான் முதலில் சொன்னதோடு இது முரண்படவில்லை.

சிறுபான்மையினரின் சார்பைப் பற்றி இன்னும் பேசவேண்டும். இதுவரை அவர்களை அடிவாங்குபவர்களாக மட்டுமே பார்த்தோம்.

நீலமலை எழுதியது:

அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்கக் கறுப்பின வாக்காளர்களே. அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி என்பதால் குடியரசுக் கட்சிக்கே அவர்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாக்களித்துவந்தார்கள். பெருமந்தத்தின் அடி மற்ற எவரையும்விட அவர்கள்மேல் பலமாக விழுந்தது. ஆயினும் 1932இல் பெரும்பான்மைக் கறுப்பினத்தவர் குடியரசுக் கட்சியின் ஹூவருக்கே வாக்களித்தார்கள். லிங்கனின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், அந்தக் கடன் அடைந்துவிட்டது என்று பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகையின் ஆசிரியர் ராபர்ட் வான் அந்த ஆண்டே பேசினார். கேட்டவர்கள் அப்போது சிலரே. 1936இலோ பத்தில் ஏழு பேர் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டின் பக்கம் வந்துவிட்டார்கள்.

இடையில் நடந்தது என்ன? நிவாரணமும் வேலையும் கைக்கு வந்தன. ரூஸ்வெல்ட் இன உரிமைக்கு ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. தென் மாநில உறுப்பினர்களைப் பகைத்துக்கொள்ள அஞ்சி, கும்பல் கொலைத் தடுப்பு மசோதாவுக்குத் தோள் கொடுக்கவில்லை. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம், கறுப்பினத்தவர் மிகுதியாக இருந்த பண்ணை வேலையையும் வீட்டு வேலையையும் வெளியே நிறுத்தியது. 1933இல் பருத்திப் பரப்பைக் குறைக்க அரசு கொடுத்த பணம் நிலக்காரரின் கைக்குப் போக, குத்தகைக் குடும்பங்கள் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டன. இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், வயிறு வாக்கைத் தீர்மானித்தது என்றுதானே சொல்லத் தோன்றும்.

ஆனால் வாக்களித்தவர் யார் என்று பாருங்கள். நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட தென் மாநிலக் குத்தகையாளருக்கு வாக்குச்சாவடியே மூடியிருந்தது. 1936இல் நாம் எண்ணுவது சிகாகோ, நியூயார்க், பிட்ஸ்பர்க் போன்ற வட நகரங்களுக்குக் குடிபெயர்ந்தவர்களின் வாக்கை. திட்டத்தால் கெட்டவர் வாக்குரிமை அற்றவர், பயன்பெற்றவர் வாக்குரிமை உள்ளவர். "சிறுபான்மையின் அரசியல் விசுவாசம்" என்று நாம் பெயரிடுவதில் இந்த வடிகட்டல் எப்போதும் மறைந்திருக்கிறது.

1936க்குப் பின்னும் சார்பு முழுவதும் உறைந்துவிடவில்லை. 1960இல் குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கறுப்பின வாக்குகள் கிடைத்தன. நான்கே ஆண்டுகளில், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிசார் உரிமைச் சட்டத்தை எதிர்த்த கோல்ட்வாட்டர் அக்கட்சியின் வேட்பாளரானபோது அது பத்தில் ஒன்றுக்கும் கீழே விழுந்தது, பின்னர் பழைய அளவுக்கு எழவே இல்லை. அதன்பின் நல்ல வருமானம் உள்ள கறுப்பின நடுத்தர வகுப்பினரும் ஏழைகளைப் போலவே வாக்களிக்கிறார்கள். தன் இனத்துக்கு நேர்வது தனக்கும் நேரும் என்ற உணர்வு, வருமான வரியைப் பற்றிய கவலையை மீறி நிற்கிறது. 1936இல் வேலை இழுத்தது, 1964இல் உரிமை கட்டிப்போட்டது.

வாகை எழுதியது:

பாதுகாப்பே முதலில் என்பதற்கு 1997–99இன் இந்தோனேசியாவையும் மலேசியாவையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

இரண்டு நாடுகளையும் ஒரே நாணய நெருக்கடி தாக்கியது. இரண்டிலும் வணிகத்தில் முன்னிற்கும் சீனச் சிறுபான்மையினர் இருந்தார்கள். 1998இல் இந்தோனேசியப் பொருளாதாரம் ஏறத்தாழ 13 விழுக்காடு சுருங்கியது, மலேசியாவுடையது 7. அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் அரசு எரிபொருள் விலையைக் கடுமையாக உயர்த்தியது. 12ஆம் நாள் ஜகார்த்தாவில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாளிலிருந்து சீனர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. சீனப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். கடைக்காரர்கள் தங்கள் இரும்புக் கதவுகளில் இது மண்ணின் மைந்தர் கடை, இது முஸ்லிம் கடை என்று பெயின்ட்டால் அவசரமாக எழுதி வைத்தார்கள். அந்த எழுத்து இருந்தால் கூட்டம் கடந்து போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் எரியும் வணிக வளாகங்களுக்குள் சிக்கிக்கொண்ட ஏழைகள் என்பது இதன் இன்னொரு கொடுமை. இந்தக் கலவரத்தில் திட்டமிட்டுத் தூண்டிவிட்ட ஆட்களும் இருந்தார்கள் என்று அரசு அமைத்த உண்மை அறியும் குழுவே பின்னர் சொன்னது. பணவீக்கம் தானாகத் தீப்பந்தம் ஏந்துவதில்லை.

மலேசியாவில் சீனர்கள் தாக்கப்படவில்லை. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, மலாய் மக்களுக்கான இட ஒதுக்கீட்டின் வழியே மலாய் நடுத்தர வகுப்பு ஒன்றை உருவாக்கியிருந்தது. சீனர்கள் ஆளும் கூட்டணிக்குள்ளேயே கட்சி வைத்திருந்தார்கள். பழி போட ஆள் இல்லாமலும் இல்லை. பிரதமர் மகாதீர் நாணய வணிகர் சோரோசைச் சாடினார், யூதர்களின் திட்டம் இருக்கக்கூடும் என்பது போலவும் பேசினார். யூதர்கள் அநேகமாக இல்லாத நாடு அது! மறுபுறம் இந்தோனேசியத் தொழிலாளர்களைப் பிடித்து நாடு கடத்தினார்கள்.

பிறகு 1999 நவம்பர் தேர்தல் வந்தது. துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் நீக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டதால் மலாய் வாக்கு இரண்டாகப் பிளந்தது. எதிர்க்கட்சியான பாஸ் என்ற மலாய் இஸ்லாமியக் கட்சி 27 இடங்களைப் பிடித்தது. ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையைத் தக்கவைத்துக்கொண்டது என்றால், சீன வாக்காளர் பலர் அதன் பக்கம் நின்றதே முக்கிய காரணம். எதிர்க்கட்சியான ஜனநாயகச் செயல் கட்சியில் லிம் கிட் சியாங்கும் கர்ப்பால் சிங்கும் தோற்றார்கள். இட ஒதுக்கீட்டால் பொருளாதாரத்தில் குறைபட்டுக்கொண்டிருந்தவர்கள், அந்த ஒதுக்கீட்டை நடத்திய அரசையே காத்தார்கள். ஜகார்த்தாவின் புகை அவர்கள் கண்ணில் இருந்தது.

மறுபக்கம் எழுதியது:

வாகை அவர்கள் சொன்னதில் ஒரு பகுதி பாஸ் கட்சியின் இஸ்லாமிய அரசுக் கொள்கைமேல் சீனர்களுக்கு இருந்த அச்சம். அதற்கும் நாணய நெருக்கடிக்கும் தொடர்பில்லை. மேலும் இந்தச் சான்றுகள் எல்லாவற்றிலும் "சிறுபான்மையினர் தேர்ந்தெடுத்தார்கள்" என்று எழுதுகிறோம். பல நேரங்களில் தேர்ந்தெடுப்பவர் தலைவர், மக்கள் அல்லர்.

நீலமலை எழுதியது:

தலைவரா மக்களா என்று கேட்டால், இலங்கை மலையகத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

1948இன் குடியுரிமைச் சட்டத்தால், இந்திய வம்சாவளித் தமிழரான தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். மறு ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தேசியமயமாக்கலின்போது பல குடும்பங்கள் லயன்கள் எனப்படும் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து விரட்டப்பட்டன. ஒடுக்கப்பட்டவர் தீவிரத்தை நோக்கிப் போவார் என்ற சூத்திரம் உண்மையென்றால், வடக்கைவிட முன்னதாக மலையகம் ஆயுதம் ஏந்தியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் தனிநாட்டுக் கோரிக்கையோடு, தொண்டமான் தலைமையில் இருந்த மலையகத் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சேரவில்லை. 1978இல் தொண்டமான் அதிபர் ஜெயவர்தனாவின் அமைச்சரவையில் சேர்ந்தார். மலையகத் தமிழரும் தாக்கப்பட்ட 1983 தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகும் விலகவில்லை.

தலைவரின் பேரம் என்று இதை ஒதுக்குவது எளிது. நான் அப்படி ஒதுக்கமாட்டேன். சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த மலைகளில் சிதறிக் கிடக்கும் மக்களுக்குப் பிரிந்துபோக நிலம் இல்லை. பல்கலைக்கழக இடங்களில் தமிழ் மாணவருக்குப் பாதகமாக வந்த தரப்படுத்தலும் அரசு வேலை கிடைக்காமையும் யாழ்ப்பாணத்து இளைஞரைச் சுட்ட அளவுக்கு, பள்ளியையே ஒழுங்காகக் காணாத தோட்டத்துப் பிள்ளைகளைச் சுடவில்லை. இவர்களுக்கு வேண்டியிருந்தது பிரஜாவுரிமை, கூலி, ரேஷன். மூன்றும் கொழும்பின் கையில்தான் இருந்தன.

மறுபக்கம் எழுதியது:

ஆனால் சங்கச் சந்தா தோட்ட நிர்வாகத்தாலேயே கூலியில் பிடிக்கப்பட்டுச் சங்கத்துக்குப் போனது. அப்படிப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையை விசுவாசம் என்று எப்படி அழைப்பது? மக்கள் வேறு வழியின்றி நின்றதையும் விரும்பி நின்றதையும் உங்கள் விளக்கம் பிரித்துக் காட்டவில்லை.

நீலமலை எழுதியது:

பிரித்துக் காட்ட ஓரளவு வழி உண்டு. தோட்டங்களில் ஒரே சங்கம் இருக்கவில்லை. அஸீஸ் நடத்திய ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ், தொழிலாளர் தேசிய சங்கம், ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியின் சொந்தச் சங்கம் என்று பல இருந்தன. சந்தாவை மாற்றிக்கொள்ளத் தொழிலாளி ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் போதும், மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே அமைச்சர் பதவியில் இருந்துகொண்டே கூலிக்குப் போராடவில்லை என்றால் அடித்தளம் நழுவும் என்பது தலைமைக்குத் தெரிந்திருந்தது. 1984 ஏப்ரலில், கலவரம் முடிந்து ஓராண்டும் ஆகாத நிலையில், தான் அங்கம் வகித்த அரசுக்கு எதிராகவே தொண்டமானின் சங்கம் மற்ற சங்கங்களோடு சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தேயிலை விலை நன்றாக இருந்த ஆண்டு அது. கொழுந்து பறிப்பது நின்றால் அந்நியச் செலாவணி நிற்கும். அரசு இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, அதுவரை ஆண்களைவிடக் குறைவாகப் பெற்றுவந்த பெண் தொழிலாளர்களுக்குச் சமக் கூலியும் கிடைத்தது.